உடைந்த பித்தளையோடு வந்த கடிதம்

சுங்குவார்சத்திரத்தில் ஜாப் ஒர்க் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கம்பெனிக்காரர் பொருளை அனுப்புவார், டிராயிங் அனுப்புவார், கூடவே ஒரு சலான் வரும். எத்தனை கிலோ, எத்தனை பீஸ், என்றைக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பொருள் அவருடையது, கைவேலை மட்டும் நம்முடையது. நான் பதினோரு வருடமாக இங்கே ஒரு சின்னப் பட்டறையில் அளவு பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, 12ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஏடன் துறைமுகத்திலிருந்து மங்களூருக்கு வந்த ஒரு கடிதத்தைப் பற்றிப் படித்தபோது, இது கடிதமே இல்லை, சலான் என்று தோன்றியது.

எழுதியவர் ஏடனில் இருந்த ஒரு யூத வணிகர். உடைந்த செம்பு, பித்தளைப் பாத்திரங்களை எடை போட்டுக் கப்பலில் ஏற்றிவிட்டு, அவற்றை உருக்கி என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறார். அதில் ஒரு விளக்கு வருகிறது. கம்பம் எட்டுப் பட்டையாக, தடிப்பாக இருக்க வேண்டும். அடிப்பாகம் உறுதியான கால்களோடு குத்துவிளக்குத் தண்டு போல நிற்க வேண்டும். உச்சியில் இரண்டு திரி போடுகிற செம்பு விளக்கு ஒன்று, கம்பத்தில் ஏற்றி இறக்கும்படி பொருந்த வேண்டும். படமே இல்லை, எல்லாம் சொல்லில்தான். ஆனாலும் அதை வைத்து ஒருவர் வேலையைத் தொடங்கிவிடலாம்.

டீ நேரத்தில் எங்கள் லேத் அண்ணனிடம் இதைப் போனில் படித்துக் காட்டினேன். முப்பது வருடம் பித்தளையில் கை வைத்தவர். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எட்டுப் பட்டையா? அப்போ வார்ப்புலயே எடுத்திருப்பாங்க தம்பி" என்றார். அப்புறம் ஒன்று கேட்டார். "உருக்குனா சேதாரம் போகுமே, அது யார் கணக்கு? அதை எழுதியிருக்காரா?"

அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

கடிதத்தைப் பெற்றவர் ஆபிரகாம் பென் யிஜு. இன்றைய துனீசியாவின் மஹ்தியா ஊர்க்காரர். ஏடனுக்கு வந்து, 1132 வாக்கில் மங்களூருக்குக் கடல் கடந்தார். மிளகு, பாக்கு, இரும்பு என்று வணிகம். கூடவே ஒரு வெண்கலப் பட்டறை. ஆஷு என்ற இந்தியப் பெண்ணை 1132 அக்டோபர் 17 அன்று அடிமைத்தளையிலிருந்து விடுவித்து எழுதிய பத்திரம் இன்றும் இருக்கிறது. பம்மா என்ற இந்திய ஊழியர் ஒருவர் அவருக்காக ஏடன்வரை போய் வியாபாரம் பேசி வந்திருக்கிறார். கடிதம் எழுதுகிற ஏடன் வணிகர்கள் பம்மாவுக்கும் மறக்காமல் வணக்கம் சொல்கிறார்கள்.

அந்தக் கடிதங்களின் மொழி அரபு, எழுத்து எபிரேயம். அரபு எழுத்தில் தமிழ் எழுதிய கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் இது வியப்பாக இருக்காது. மங்களூரில் எழுதுவது ஓலையில் என்பதால் காகிதம் கிடைப்பது அரிது. ஏடன் நண்பர்கள் அவருக்குச் சர்க்கரை, உலர்திராட்சையோடு நல்ல வெள்ளைக் காகிதமும் அன்பளிப்பாக அனுப்பினார்கள். அப்படி வந்ததை வீணாக்குவாரா? வந்த கடிதத்தின் ஓரத்திலும் பின்பக்கத்திலும் தன் கணக்கை எழுதினார், பதில் கடிதத்துக்கு வரைவு எழுதினார். எங்கள் பட்டறையிலும் பழைய டிராயிங்கின் பின்பக்கம்தான் ஷிப்ட் கணக்கு ஏறும்.

1149இல் அவர் ஏடனுக்குத் திரும்பினார். பதினேழு வருடக் காகிதங்களும் மூட்டையோடு போயின. ஏமன், பிறகு எகிப்து. பழைய கெய்ரோவான புஸ்தாத்தில் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் சுவரில், உயரத்தில், ஏணி வைத்து எட்டவேண்டிய ஒரு துளை இருந்தது. அதன் பின்னால் சன்னல் இல்லாத ஒரு அறை. அதற்குள் போடப்பட்ட லட்சக்கணக்கான தாள்களோடு நம் விளக்குக் கடிதமும் போய் விழுந்தது.

இறைவன் பெயர் எழுதிய எதையும் அழிக்கலாகாது என்பது யூத மார்க்கத்தின் கட்டளை. கிழிந்துபோன வேதப் பிரதியைக்கூட எரிக்க மாட்டார்கள். எடுத்து வைத்து, பிறகு மனிதரை அடக்கம் செய்வதுபோல் மண்ணில் அடக்கம் செய்வார்கள். அப்படி எடுத்து வைக்கும் இடத்துக்குக் கெனிசா என்று பெயர். கடிதம் எழுதுகிறவர்கள் இறைவன் பெயரை வாழ்த்தித்தானே தொடங்குவார்கள்? புஸ்தாத் மக்கள் அந்த மரியாதையை எபிரேய எழுத்துக்கே விரித்துவிட்டார்கள். திருமண ஒப்பந்தம், கடன் பத்திரம், பிள்ளைகள் எழுத்துப் பழகிய தாள், பாத்திர ஆர்டர் எல்லாமே உள்ளே போயின. எகிப்தின் வறண்ட காற்று மற்றதைப் பார்த்துக்கொண்டது.

இதைப் படித்த இரவு எனக்கு என் அம்மா ஞாபகம்தான். காகிதம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்த்தவள் அவள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதே மரியாதை நம்மிடமும் இருந்தது. ஆனால் நாம் செய்தது வேறு. பழுதான ஓலைச் சுவடிகளை ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் விட்டோம். நெருப்பில் நெய்யோடு இட்டதும் உண்டு. உ.வே.சா. இதையெல்லாம் நெஞ்சு பொறுக்காமல் எழுதிவைத்திருக்கிறார். ஆற்றில் விட்டவர்கள் ஏட்டை அவமதித்தவர்கள் அல்லர். தெய்வமாக மதித்ததால்தான் குப்பையில் போடவில்லை. ஒரு ஊரில் அந்தப் பக்தி காகிதத்தை அறைக்குள் வைத்தது, நம் ஊரில் தண்ணீரோடு அனுப்பியது. இந்த வேறுபாடு என்னை இன்னும் விடவில்லை.

1896இல் கேம்பிரிட்ஜில் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞரிடம் இரட்டைச் சகோதரிகளான ஆக்னஸ் லூயிஸும் மார்கரெட் கிப்சனும் ஒரு பழைய தாளைக் காட்டினார்கள். காணாமற்போனதாக நினைத்த ஒரு எபிரேய நூலின் பக்கம் அது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஷெக்டர் கெய்ரோ போய்ச் சேர்ந்தார். தூசுக்குள் வாரக்கணக்கில் உட்கார்ந்து, சுமார் 1,93,000 தாள்களைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அந்தத் தூசு அவர் உடல்நலத்தையே பாதித்தது. அவர் தேடியது சமய நூல்களை. வணிகக் கடிதங்களுக்கு உரிய நாள் வர 1950கள் ஆயிற்று. ஷெலோமோ டோவ் கொய்டைன் அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கி, 1985இல் இறக்கும்வரை படித்தார். இந்திய வணிகக் கடிதங்களின் தொகுப்பை அவர் விட்ட இடத்திலிருந்து மொர்தெகாய் அகிவா ஃபிரீட்மன் தொடர்ந்து 2008இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

பிறகு தாள்கள் ஒளிப்படங்களாகி இணையத்துக்கு வந்தன. 2017இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் ஒரு தன்னார்வத் திட்டத்தைத் தொடங்கியது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் வீட்டிலிருந்தே ஒரு தாளைத் திறந்து, இது எபிரேய எழுத்தா அரபு எழுத்தா என்று பிரித்துத் தர முடிந்தது. எழுத்துத் தெரிந்தவர் படித்துத் தட்டச்சு செய்ய முடிந்தது. கூலி கிடையாது. நியூயார்க்கில் 1901 முதல் 1906 வரை வெளிவந்த யூதக் கலைக்களஞ்சியத்தின் 12 தொகுதிகளும் காப்புரிமை முடிந்து பொதுவுடைமையாகிவிட்டன. அவற்றிலிருந்தும் தன்னார்வலர்கள் எடுத்து விக்கிப்பீடியாவில் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இணையக் களஞ்சியத்தைத் தொகுப்பதைத் யூதர்கள் தங்கள் மார்க்கக் கடமையாகவே நினைக்கலாம். அதற்கு அவர்கள் மரபில் இடம் இருக்கிறது. வேதத்தைக் கற்றுத் தரக் கூலி வாங்கலாகாது என்கிறது தால்முத். இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே தரவேண்டும். என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இன்னொன்று. பிர்கே ஆவோத் என்ற நூலின் ஆறாம் அதிகாரத்தில், ஒரு செய்தியைச் சொல்கிறவர் அதை முதலில் சொன்னவரின் பெயரோடு சொன்னால், உலகத்துக்கே மீட்பைக் கொண்டுவருகிறார் என்ற கருத்து வருகிறது. விக்கிப்பீடியாவில் ‘சான்று தேவை’ என்று போடுகிறோமே, அதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் கேட்டதில்லை.

யூதர்களின் ஓய்வுநாளில் செய்யக் கூடாத 39 வேலைகளில் எழுதுவதும் உண்டு, அழிப்பதும் உண்டு. இரண்டு எழுத்து எழுதினாலே கணக்கு. தொகுப்பு என்பது எழுதுவதும் அழிப்பதும்தானே! ஆகவே ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் தொகுப்பாளர் வெள்ளி மாலை சூரியன் மறையுமுன் கணினியை மூடிவிட்டு, சனி இரவுதான் திறப்பார். எங்களுக்கு ஞாயிறு வார விடுமுறை. நான் அன்றைக்குத்தான் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவேன்.

எபிரேய விக்கிப்பீடியாவும் தமிழ் விக்கிப்பீடியாவும் 2003 என்ற ஒரே ஆண்டில் பிறந்தவை. யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அந்த ஆண்டே உள்ளே வந்து, வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே பல ஆயிரம் கட்டுரைகளை எழுதினார். 2017இல் தமிழில் ஒரு லட்சம் கட்டுரைகள் ஆயின. அதில் என் பங்கு மிகக் கொஞ்சம். முதன்முதலில் நான் சேர்த்த வரியை ஒரு பயனர் சான்று இல்லையென்று நீக்கினார். அன்று வருத்தப்பட்டேன். அளவு தப்பிய பீஸை நானே தினமும் ஒதுக்கித் தள்ளுகிறவன். அவர் செய்ததும் அதே வேலைதான் என்று பிறகு புரிந்தது.

விளக்குக் கடிதத்தைப் படித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை பென் யிஜுவின் பட்டறையைப் பற்றி அங்கே நான்கு வாக்கியம் எழுதினேன். ஒரு காலை முழுக்கப் போயிற்று. எட்டுப் பட்டைக் கம்பம், இரட்டைத் திரி, உடைந்த பாத்திரங்களின் எடை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கொய்டைன், ஃபிரீட்மன், 2008 என்று அடிக்குறிப்பு. வெளியே நெடுஞ்சாலையில் ஒரகடம் போகிற கம்பெனி பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. தாளில் இருந்த ஏடன்காரரின் பொருள் வாலாஜாபாத் ரோட்டுக்குப் பக்கத்து அறையில் தமிழில் இறங்கிக்கொண்டிருந்தது.

லேத் அண்ணன் கேட்ட கேள்வியைக் கட்டுரைக்குள் வைக்க வழியில்லை. சொந்த ஆராய்ச்சிக்கு அங்கே இடம் கிடையாது. கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தைத் திறந்து எழுதினேன்: உருக்கும்போது போகும் சேதாரத்தை யார் ஏற்பது என்று இந்தக் கடிதங்களில் எங்காவது வருகிறதா? மூலத்தைப் படித்தவர்கள் சொல்லவும். கேட்டவர், சுங்குவார்சத்திரத்தில் முப்பது ஆண்டுகளாகப் பித்தளை கடையும் லேத் ஆபரேட்டர் ஒருவர்.

திங்கட்கிழமை காலை அதைக் காட்டியபோது அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "பதில் வந்தா சொல்லு தம்பி" என்று சொல்லிவிட்டு மெஷினை ஆன் செய்தார்.