ஏற்காட்டுச் சாலையில் இரண்டு இன்ஜின்கள்

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரில். இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். சேர்வராயன் மலையின் இந்தச் சாலையில் ஓடிய இரண்டு வண்டிகளை ஒப்பிட்டால், பெட்ரோலை எரிக்கும் இரு வேறு வடிவமைப்புகளின் குணம் தெளிவாகத் தெரியும். ஒன்று, 1985 முதல் 1996 வரை எஸ்கார்ட்ஸ் தயாரித்த டூ ஸ்ட்ரோக் யமஹா ஆர்எக்ஸ் 100. மற்றது, சென்னையில் தயாரான ஃபோர் ஸ்ட்ரோக் புல்லட் 350.

யமஹாவின் சிலிண்டர் தலையில் வால்வுகள் இல்லை. ஏறி இறங்கும் பிஸ்டனே சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைத் திறந்து மூடுகிறது. கிராங்கின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எரிப்பு நடக்கிறது. புல்லட்டுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். 98 சிசி யமஹா 11 குதிரைத்திறன் தர, 346 சிசி புல்லட் 18-ஓடு நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நூறு கிலோவை ஒட்டிய எடையும் சேர, வளைவைத் திரும்பியதும் யமஹா சீறிப் பாயும். புல்லட்டோ கனத்த ஃப்ளைவீலின் வலிமையில், அவசரப்படாமல் இழுக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிந்து இரண்டுமே சற்றுச் சோர்கின்றன. ஆனாலும் ஏற்றத்தின் சுகம் யமஹாவில்தான்.

ஆனால் மலைக்குப் போகிறவர் இறங்கவும் வேண்டுமே! என் தீர்ப்பு அங்கேதான் மாறுகிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடி, சின்ன கியரில் விட்டால், புல்லட்டின் பிஸ்டன் மூடிய கார்புரேட்டர் வழியே காற்றை இழுக்கத் திணறும். அந்தத் திணறலே சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. டூ ஸ்ட்ரோக்கில் இந்தப் பிடி மிகக் குறைவு. பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. அதைவிடக் கவலை தருவது ஆயில். புல்லட்டில் அது தனியாகச் சுற்றிவருகிறது. டூ ஸ்ட்ரோக்கிலோ உள்ளே வரும் பெட்ரோல் கலவையோடு சேர்ந்து எரிந்துபோகிறது. ஆக்சிலரேட்டரை மூடினால் ஆயில் வரத்தும் சுருங்கும். நீண்ட இறக்கத்தில் இன்ஜின் வேகமாகச் சுழல, ஆயில் போதாமல் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சீஸ் ஆகும் அபாயம் உண்டு. அவ்வப்போது ஆக்சிலரேட்டரைச் சற்றே முறுக்கிவிடுவது இதற்காகத்தான்.

டூ ஸ்ட்ரோக்கை ஒழித்தது இறக்கமல்ல, புகை. புதுக் கலவை உள்ளே நுழையும்போது புகைத் துளையும் திறந்தே இருப்பதால், பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியே போய்விடும். 1996-லும் 2000-லும் இறுகிய மாசு விதிகளுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. டூ ஸ்ட்ரோக்கின் சீறலை நேசித்தவர்களின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் காற்றை நினைத்தால் அந்த விதிகள் நியாயமானவை என்றே சொல்வேன்.

2020-இல் பிஎஸ் 6 மாசு விதிகள் வந்தபின், பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பிடித்துக்கொண்டது. மலைக்காற்று மெலிந்தால் அதற்கேற்ப அது பெட்ரோலைக் குறைக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடினால் பெட்ரோலை அடியோடு நிறுத்தவும் அதனால் முடியும். ஃபோர் ஸ்ட்ரோக்கின் பிடி மட்டும் அப்படியே இருக்கும்.