புக்கொளியூரில் எதிரெதிர் நின்ற இரண்டு இல்லங்கள்

இன்பத்தை வேண்டாத உயிர் உலகில் இல்லை. ஆயினும், அதனைத் தம்பொருட்டே தேடுவார் எய்தாது மெலிதலும், பிறர்பொருட்டுத் தம்மை மறந்தார் தேடாமலே எய்துதலும் கண்கூடு. இவ்வுண்மையை இனிது விளக்குவது, கொங்குநாட்டு அவிநாசியில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெருமான் கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்து வெள்ளானைச் சருக்கத்தில் அருளிச்செய்த வரலாறு.

அவிநாசி, திருப்பூருக்கு வடமேற்கே அணித்தாக உள்ளது; கொங்கேழ் தலங்களுள் ஒன்று. ஊரின் பழம்பெயர் திருப்புக்கொளியூர். அங்கு எழுந்தருளியுள்ள அம்மையின் திருநாமம் கருணாம்பிகை. கருணையே வடிவாகிய அப்பிராட்டி வீற்றிருக்கும் தலத்திலே இவ்வருட்செயல் நிகழ்ந்தமை பெரிதும் பொருத்தமுடைத்து.

சுந்தரமூர்த்தி நாயனார், தம் உயிர்த்தோழராகிய சேரமான் பெருமாள் நாயனாரை மீண்டும் காணும் வேட்கையால், திருவாரூரினின்றும் மலைநாடு நோக்கி எழுந்தருளினார். வழியில் திருப்புக்கொளியூர் மறையோர் வீதியிற் செல்லுங்கால், ஓரில்லத்தில் மங்கல ஒலியும், அதன் எதிரில்லத்தில் அழுகை ஒலியும் ஒருங்கே எழக் கேட்டார். கேட்டவர் கடந்து போகாது நின்று, காரணம் வினாவினார். ஐந்து வயதுடைய சிறுவர் இருவர் முன்னொருகால் மடுவிற் குளிக்கச் சென்றனர் என்பதும், ஒருவனை முதலை விழுங்க மற்றவன் பிழைத்தான் என்பதும், பிழைத்தவனுக்கு அன்று உபநயனம் என்பதும் தெரியவந்தன. எதிர்மனையின் மங்கல ஒலி, மகனை இழந்தார்க்கு ஆறிய புண்ணைக் கிளறிவிட்டது.

அந்நிலையில், வந்தவர் வன்றொண்டர் என்று அறிந்த அப்பெற்றோர், அழுகை ஒழிந்து, முகமலர்ச்சியுடன் வெளிப்போந்து வணங்கினர். மகனை இழந்தவர் நீவிரோ என்று நாயனார் வினவ, அது முன்னே நிகழ்ந்தது, அது நிற்க, நெடுநாள் காண விழைந்த தேவரீர் எழுந்தருளப் பெற்றோம் என்னும் கருத்தே அவர்தம் விடையாயிற்று. புத்திரசோகத்தினும் பெரிய துயர் யாது? அதனையும் ஒருபால் ஒதுக்கி அடியாரை எதிர்கொண்ட அவ்வன்பு, நாயனார் திருவுள்ளத்தை உருக்கியது. இவர் மகனை மீட்டுத் தந்த பின்னரே அவிநாசியப்பர் திருவடி தொழுவேன் என்று துணிந்தார். மடுக்கரையை அடைந்து பதிகம் பாடினார். அது ஏழாந் திருமுறையுள் 92-ஆவது பதிகமாக விளங்குகின்றது. அவர் பாட, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு மைந்தன் கரையேறினான். அவனை உடன்கொண்டு திருக்கோயிலை வழிபட்ட நாயனார், அவனுக்கும் உபநயனம் செய்வித்தே தம் வழிச் சென்றார். இரண்டு இல்லங்களிலும் மங்கல ஒலி எழுந்தது.

அற்றேல், அற்புதம் நிகழ்த்துதல் எல்லார்க்கும் இயலுமோ எனின், இயலாது. ஆயினும் அற்புதத்தின் முன்னே நிகழ்ந்தவை மூன்று: அழுகுரல் கேட்டு நிற்றல், அன்பொடு வினாதல், துயருற்றார்பொருட்டுத் தம் பயணத்தைத் தாழ்த்தல். இவை மூன்றும் எவர்க்கும் எந்நாளும் இயல்வன. பெற்றோர் செய்ததும் எளியதே. வந்தாரை இன்முகத்தால் ஏற்றனர். அவர் கைம்மாறு கருதி வணங்கினாரல்லர். கருதாமையினாலேயே அவ்வன்பு நிறைவுற்றது. மகன் மீளுதற்கு முன்னரே அவர் முகம் மலர்ந்தமை சிந்திக்கத்தக்கது.

கி.பி. 13-ஆம் நூற்றாண்டில் விளங்கிய அருணந்தி சிவாசாரியர், ஈசனிடத்து அன்பில்லாதார் அடியாரிடத்தும், எவ்வுயிரிடத்தும், முடிவில் தம்மிடத்தும் அன்பில்லாதாரே என்று சிவஞானசித்தியாரில் உணர்த்தினார். ஆகவே பிறர்க்கு இரங்காமை, தன் உயிர்க்குத் தானே இழைக்கும் தீங்காகும் என்பது சித்தாந்தத் துணிபு.

அவிநாசியைச் சூழ்ந்த நாடு நெசவும் பின்னலாடைத் தொழிலும் மலிந்தது. அத்தொழில் புரிவார் நினைத்தற்குரியவர் நேச நாயனார். காம்பீலியில் நெசவாளர் குலத்தில் தோன்றிய அவர், மனத்தை அரன் திருவடிக்கும், நாவைத் திருவைந்தெழுத்துக்கும், கைத்தொழிலை அடியார்க்கும் உரியவாக்கி, உடையும் கீளும் கோவணமும் நெய்து அளித்தார். நாள்தோறும் செய்யும் தொழிலே அவர்க்குத் தொண்டாயிற்று; தொண்டே இன்பமாயிற்று.

இன்று திருப்பூர்ப் பனியன் ஆலைகளை நாடிப் பல தேயத்து மக்களும் வந்து தங்குகின்றனர். எதிர்வீட்டார் ஊரும் மொழியும் அறியாமல் வாழ்தல் ஆண்டு இயல்பாயிற்று. அழுகைக்கு மட்டும் மொழி வேறுபாடு இல்லை. அதனைக் கேட்டு ஒருகணம் நின்று வினாவுவார் எவரோ, அவர் புக்கொளியூர் வீதியில் நம்பியாரூரர் நின்ற இடத்திலேயே நிற்பவராவர். கருணாம்பிகை திருவருள் அவர்க்கு உள்ளத்து மகிழ்ச்சியாய் வெளிப்படும் என்பது ஒருதலை.

திருச்சிற்றம்பலம்.