இணையவழி மூக்குக்கண்ணாடி விற்பனை (ஐக்கிய இராச்சியம்)

இணையவழி மூக்குக்கண்ணாடி விற்பனை என்பது, கண் பரிசோதனையின் முடிவில் கிடைக்கும் கண்ணாடிச் சீட்டின் அளவுகளை இணையத்தளத்தில் உள்ளிட்டு, பார்வைத் திருத்தக் கண்ணாடியை அஞ்சலில் பெறும் முறை ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் இது, 2004 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிளாசஸ் டைரக்ட் நிறுவனத்தின் மூலம் பரவலாக அறியப்பட்டது. கடைத்தெருக் கண்ணாடிக் கடையின் விலையோடு ஒப்பிடும்போது இணைய விலை பல மடங்கு குறைவாக இருப்பதுண்டு. ஆயினும் இவ்விரண்டும் ஒரே பொருளின் இரு விலைகள் அல்ல. கடை விலையில் பரிசோதனைச் செலவின் ஒரு பகுதி, முகத்தில் எடுக்கும் அளவுகள், பின்னர் செய்து தரும் திருத்தங்கள் ஆகியனவும் அடங்கியுள்ளன. இணைய விலையில் சட்டகமும் வில்லைகளும் மட்டுமே உள்ளன; எஞ்சிய வேலை வாங்குபவரைச் சேர்கிறது. அவ்வேலை எளிதா, இடர் மிக்கதா என்பது பெரும்பாலும் அவருடைய கண்ணாடித் திறனைப் பொறுத்தது.

வரலாறு

1948 இல் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கப்பட்டபோது கண் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசமாக வழங்கப்பட்டன. 1951 இல் கண்ணாடிக்கும் செயற்கைப் பல்வரிசைக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவு செய்தது. அச்சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் இதை எதிர்த்து அமைச்சரவையிலிருந்து விலகினார். மூக்குக்கண்ணாடியின் விலை ஓர் அமைச்சரின் பதவியைப் பறித்தது என்பது இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம்.

1958 ஆம் ஆண்டின் சட்டம் ஜெனரல் ஆப்டிக்கல் கவுன்சில் என்னும் பதிவு மன்றத்தை நிறுவியது. அதன்பின் பதிவு பெற்றவர்களே கண்ணாடி விற்கலாம் என்ற நிலை 1984 வரை நீடித்தது. 1984 ஆம் ஆண்டின் சட்டம் இத்தனியுரிமையை நீக்கி, மற்றவர்களும் நிபந்தனைகளுடன் விற்க வழி செய்தது. விளம்பரக் கட்டுப்பாடுகளும் அக்காலத்தில் தளர்ந்தன. டக் பெர்க்கின்சு, மேரி பெர்க்கின்சு இணையர் அதே ஆண்டில் குயெர்ன்சித் தீவில் தொடங்கிய ஸ்பெக்சேவர்ஸ், பின்னர் நாட்டின் மிகப்பெரிய கண்ணாடிக் கடைத் தொடராக வளர்ந்தது. 1986 இல் அரசின் நேரடிக் கண்ணாடி வழங்கலுக்குப் பதிலாக, சிறுவர்க்கும் குறைந்த வருமானம் உடையோர்க்கும் பற்றுச்சீட்டு வழங்கும் முறை வந்தது.

கிளாசஸ் டைரக்ட் நிறுவனத்தைத் தொடங்கிய ஜேம்சு மரே வெல்சு அப்போது பிரிஸ்டலில் பல்கலைக்கழக மாணவர். படிப்பதற்கான கண்ணாடிக்குக் கடையில் 150 பவுண்டு கேட்கப்பட்டதே தம்மைத் தூண்டியது என்று அவர் கூறியுள்ளார். தொடக்கத்தில் அவருடைய கண்ணாடிகள் 15 பவுண்டுக்கு விற்கப்பட்டன. 2016 இல் இந்நிறுவனத்தின் தாய்க் குழுமத்தைப் பிரான்சின் வில்லை உற்பத்தி நிறுவனமான எஸ்ஸிலார் வாங்கியது. எஸ்ஸிலார் 2018 இல் இத்தாலியின் சட்டக உற்பத்தி நிறுவனமான லக்சோட்டிக்காவுடன் இணைந்தது. இணைந்த நிறுவனம் 2021 இல் விஷன் எக்ஸ்பிரஸ் கடைகளின் உரிமையாளரான கிராண்ட்விஷனையும் வாங்கியது. இவ்வாறு கடைத்தெருவை எதிர்த்துக் கிளம்பிய இணையக் கடையும் கடைத்தெருக் கடையும் ஒரே குழுமத்தின் கைக்கு வந்து சேர்ந்தன.

விலை வேறுபாட்டின் காரணம்

கடை வாடகையும் பணியாளர் ஊதியமும் வெளிப்படையான காரணங்கள். அதிகம் அறியப்படாத காரணம் பரிசோதனைக் கட்டணம் ஆகும். பரிசோதனைக்கு அரசு தரும் தொகை உண்மைச் செலவை ஈடு செய்வதில்லை என்று இத்தொழிலின் அமைப்புகள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றன. தாமே பணம் செலுத்துவோரிடமும் கடைகள் குறைந்த கட்டணமே பெறுகின்றன. இக்குறை கண்ணாடி விற்பனையின் இலாபத்தில் நிரப்பப்படுகிறது. ஆகவே கடையில் பரிசோதித்துக்கொண்டு இணையத்தில் கண்ணாடி வாங்குபவர், அங்கேயே கண்ணாடி வாங்கும் அடுத்த வாடிக்கையாளரின் செலவில் தம் கண்ணைப் பரிசோதித்துக்கொள்கிறார் எனலாம். இதில் சட்டப் பிழை ஏதும் இல்லை. பரிசோதனைக்கு அதன் உண்மை விலையைக் கேட்காதது கடைகளின் வணிக முடிவு.

பரிசோதனை என்பது கண்ணாடி எண் அறிவதற்கு மட்டும் உரியதன்று. கண் அழுத்த நோய், நீரிழிவு விழித்திரை நோய் போன்றவை நோயாளி உணரும் முன்னரே இதில் தென்படக்கூடும். இசுக்கொட்லாந்தில் 2006 ஏப்ரல் முதல் அனைவருக்கும் பரிசோதனை இலவசம். இங்கிலாந்தில் 16 வயதுக்குட்பட்டோர், 60 வயதுக்கு மேற்பட்டோர், நீரிழிவு நோயாளிகள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கண் அழுத்த நோய் உள்ள, 40 வயது நிரம்பியோர் முதலியோருக்கு இலவசம். பழைய சீட்டை வைத்தே கண்ணாடி வாங்கிப் பரிசோதனையைத் தள்ளிப் போடுவது மலிவு விலையின் பெரிய ஆபத்தாகும்.

சட்டநிலை

பரிசோதனை முடிந்தவுடன் சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது 1989 ஆம் ஆண்டின் கண்ணாடியாளர் சட்டம் விதிக்கும் கடமை. அங்கேயே கண்ணாடி வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த இயலாது. பதிவு பெறாத விற்பனையாளர் ஈராண்டுக்கு உட்பட்ட சீட்டின் பேரில் மட்டுமே விற்கலாம். 16 வயதுக்குட்பட்டோருக்கும் பார்வைக் குறைபாடு உடையோராகப் பதிவு செய்யப்பட்டோருக்கும் பதிவு பெற்றவரின் மேற்பார்வையில்தான் கண்ணாடி வழங்கப்பட வேண்டும். இரு கண்ணுக்கும் ஒரே திறனுடைய, +4 டையாப்டருக்கு மேற்படாத ஆயத்த வாசிப்புக் கண்ணாடிகளுக்குச் சீட்டுத் தேவையில்லை.

தொலைவிலிருந்து வாங்கும் பொருளை 14 நாட்களுக்குள் காரணம் கூறாமல் விலக்கும் உரிமை 2013 ஆம் ஆண்டின் நுகர்வோர் விதிகளில் உள்ளது. ஆனால் வாங்குபவரின் குறிப்புக்கேற்பச் செய்யப்பட்ட பொருளுக்கு இவ்வுரிமை பொருந்தாது. எனவே கண்ணாடியைத் திருப்பிப் பெறும் ஏற்பாடு பெரும்பாலும் விற்பனையாளர் தாமாக அளிக்கும் சலுகையே. வாங்கும் முன் அதைப் படித்தறிய வேண்டும். ஆணையிட்ட அளவுக்கு மாறாகக் கண்ணாடி வந்தால் நிலை வேறு. அப்போது 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் துணை நிற்கும்.

கண்ணாடிச் சீட்டு

சீட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் கோளத்திறன், உருளைத்திறன், அச்சு ஆகியவை இருக்கும். கோளத்திறன் கிட்டப்பார்வைக்குக் கழித்தல் குறியுடனும் தூரப்பார்வைக்குக் கூட்டல் குறியுடனும் எழுதப்படும். உருளைத்திறனும் 1 முதல் 180 பாகை வரையான அச்சும் சிதறல் பார்வைக்கு உரியவை. வெள்ளெழுத்து உள்ளோருக்கு வாசிப்புக்கான கூடுதல் திறனும் குறிக்கப்படும். இணையப் படிவத்தில் குறியை மாற்றித் தேர்வு செய்வது மிகக் கொடிய பிழை: -2.50 என்பதற்குப் பதிலாக +2.50 என்று உள்ளிட்டால் பிழை 5 டையாப்டர் ஆகும். மென்பொருள் எழுதுவோர் நன்கறிந்த வகைப் பிழை இது. படிவம் அதை ஏற்றுக்கொள்ளும், கண் ஏற்றுக்கொள்ளாது.

கண்மணி இடைத்தொலைவு

இரு கண்மணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையேயுள்ள தொலைவே கண்மணி இடைத்தொலைவு. வளர்ந்தோரில் இது சராசரியாக 63 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஆளுக்கு ஆள் பல மில்லிமீட்டர் வேறுபடும். வில்லைகளின் ஒளி மையங்கள் இத்தொலைவில் அமைய வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் இவ்வளவைச் சீட்டில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது பரிசோதனையைச் சேர்ந்ததன்று, கண்ணாடி பொருத்தும் பணியைச் சேர்ந்தது என்பது கடைகளின் வாதம். இதனால் சில கடைகள் இதைத் தர மறுக்கின்றன, சில தனிக் கட்டணம் கேட்கின்றன. இணையத்தில் வாங்குவோர்க்கும் கடைகளுக்கும் இடையிலான பிணக்கின் மையம் இந்த ஓர் எண்தான்.

இதில் ஏற்படும் பிழையின் விளைவைப் பிரெண்டிஸ் விதி கொண்டு கணக்கிடலாம். ஒளி மையத்திலிருந்து விலகிய தொலைவைச் சென்டிமீட்டரில் எடுத்து வில்லையின் திறனால் பெருக்கினால் பட்டக விளைவு கிடைக்கும். ஒரு பட்டக டையாப்டர் என்பது 1 மீட்டர் தொலைவில் 1 சென்டிமீட்டர் இடப்பெயர்ச்சி. 62 மில்லிமீட்டர் இடைத்தொலைவு உள்ள ஒருவருக்கு 66 மில்லிமீட்டரில் கண்ணாடி செய்யப்பட்டதாகக் கொள்வோம். ஒவ்வொரு கண்ணுக்கும் விலகல் 0.2 சென்டிமீட்டர். அவருடைய திறன் -1 எனில் இரு கண்ணிலும் சேர்த்து விளைவு 0.4 மட்டுமே, பெரும்பாலோர் உணர மாட்டார்கள். திறன் -6 எனில் அதே பிழை 2.4 ஆகிறது. இவ்வெடுத்துக்காட்டில் கண்கள் வெளிநோக்கித் திரும்பி ஈடு செய்ய வேண்டும். மனிதக் கண்களுக்கு அத்திசையில் ஆற்றல் குறைவு ஆதலால் தலைவலியும் இரட்டைப் பார்வையும் நேரலாம். நண்பர் ஒருவர் மலிவாக வாங்கி நலமாக இருக்கிறார் என்பதால் தமக்கும் அவ்வாறே அமையும் என்று உயர் திறன் உடையோர் கருதலாகாது.

இவ்வளவை வீட்டில் எடுக்க, கண்ணாடி முன் நின்று மில்லிமீட்டர் அளவுகோலைப் புருவத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணின் நடுவில் சுழியத்தைப் பொருத்தி, பின்னர் கண்ணை மாற்றிப் படிக்கலாம். மூன்று முறையாவது செய்து பார்க்க வேண்டும். 85.6 மில்லிமீட்டர் அகலமுள்ள வங்கி அட்டையை நெற்றியில் வைத்துப் படமெடுக்கும் முறையும் உண்டு. அருகிலுள்ள படக்கருவியை நோக்கும்போது கண்கள் உட்குவிவதால் அளவு சற்றுக் குறைந்து தோன்றும்.

பல்குவிய வில்லைகள்

புரோகிரசிவ், வெரிஃபோகல் என்றெல்லாம் அழைக்கப்படும் வில்லைகளில் திறன் மேலிருந்து கீழாகப் படிப்படியாக மாறும். இவற்றுக்கு, சட்டகத்தின் கீழ் விளிம்பிலிருந்து கண்மணியின் உயரமும் தேவை. சட்டகத்தை முகத்தில் அணிந்த பின்பே அதை அளக்க முடியும்; அஞ்சலில் வரவிருக்கும் சட்டகத்துக்கு முன்கூட்டியே அளக்க வழியில்லை. இணைய நிறுவனங்கள் சராசரி அளவையோ நிழற்படத்திலிருந்து கணித்த அளவையோ பயன்படுத்துகின்றன. இவ்வகைக்குக் கடையே ஏற்றது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஆய்வுகள்

2011 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இணையத்தில் வாங்கிய 154 கண்ணாடிகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் 44.8 விழுக்காடு, திறன் அல்லது மோதல் தாங்கும் வலிமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் தேறவில்லை. 2016 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் 33 பேர், இணையத்திலும் கடைகளிலும் வாங்கிய 309 கண்ணாடிகளை அணிந்து மதிப்பிட்டனர். கடைக் கண்ணாடிகளே கூடுதலாக விரும்பப்பட்டன. இவ்வாய்வுகளை நடத்தியவர்கள் கண் பரிசோதனைத் துறையினர் என்பதையும் வாசகர் கருத்தில் கொள்ளலாம்.

சட்டக அளவும் சரிபார்த்தலும்

பொருந்தும் சட்டகத்தைத் தேர, பழைய கண்ணாடியே நல்ல வழிகாட்டி. அதன் காதுக்கம்பியின் உட்புறத்தில் 52-18-140 போன்ற எண்கள் இருக்கும். இவை முறையே வில்லையின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், காதுக்கம்பியின் நீளம் ஆகும், அனைத்தும் மில்லிமீட்டரில்.

கண்ணாடி வந்ததும் ஒளி மையங்களின் தொலைவைத் தோராயமாகச் சோதிக்கலாம். சிதறல் பார்வைத் திருத்தம் இல்லாத வில்லைகளுக்கு இது நன்கு பொருந்தும். கண்ணாடியைக் கைநீட்டிப் பிடித்து, ஒரு கண்ணால் வில்லை வழியாகக் கதவு நிலையின் செங்குத்துக் கோட்டைப் பார்க்க வேண்டும். வில்லைக்குள் தெரியும் கோடும் வெளியே தெரியும் கோடும் ஒரே நேராக வரும் இடத்தில் அழியக்கூடிய பேனாவால் குறியிட வேண்டும். மறு வில்லையிலும் அவ்வாறே செய்து, இரு குறிகளுக்கும் இடையே அளந்தால் வரும் தொலைவு ஆணையிட்ட இடைத்தொலைவோடு ஒத்திருக்க வேண்டும்.