இகுவானாவை யாரிடம் கொடுப்பது?

மயாமியின் கால்வாய்க் கரைகளில் வெயில் காயும் பச்சை இகுவானாக்களைப் பார்த்தால், காலங்காலமாக அங்கேயே இருப்பவை போலத் தோன்றும். உண்மையில் அவற்றின் பூர்விகம் மெக்சிகோவிலிருந்து பிரேசில் வரை நீளும் வெப்பக் காடுகள். புளோரிடாவில் அவை முதலில் கண்ணில் பட்டது 1960களில், ஹயலியா, கோரல் கேபிள்ஸ், கீ பிஸ்கேன் பகுதிகளில். கூண்டிலிருந்து தப்பியவை சில. வைத்துச் சமாளிக்க முடியாமல் வளர்த்தவர்களே கொண்டுபோய் விட்டவை சில.

தமிழில் இதை உடும்பு என்று எழுதிவிடுவது உண்டு. உடும்பு ஊன் தின்பது. இகுவானாவுக்கு இலையும் பூவும் பழமும்தான் உணவு. முறை பார்த்தால் நம் வேலியோரத்து ஓணானுக்குத்தான் அது நெருங்கிய சொந்தம்.

மத்திய அமெரிக்கக் கிராமங்களில் அதற்கு ‘மரத்துக் கோழி’ என்று பெயர், கறிக்காகப் பிடிப்பார்கள். காடும் அழிந்து இகுவானாவும் அருகிவந்ததைக் கண்ட ஜெர்மானிய உயிரியலாளர் டாக்மர் வெர்னர், 1980களில் பனாமாவில் அதைப் பண்ணையில் பெருக்கும் முயற்சியைத் தொடங்கினார். செயற்கைப் பொந்துகளில் முட்டையிட வைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டால் மரங்களை வெட்டாமலே ஊராருக்குக் கறி கிடைக்கும் என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் எல் சால்வடாரிலும் கொலம்பியாவிலும் எழுந்த பண்ணைகள் கண் வைத்தது அமெரிக்கச் செல்லப்பிராணிக் கடைகள் மீது. 1990களின் நடுவில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான குஞ்சுகள் அமெரிக்காவில் இறங்கின. 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படமும் அந்த ஆசையைத் தூண்டிவிட்டதாகச் சொல்வார்கள்.

கடையில் இருந்த குஞ்சு ஒரு சாண் நீளம். வால் மட்டும் அதில் பாதிக்கு மேல். இளம்பச்சை நிறத்தில் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பார்க்கும் அந்தச் சின்ன உயிரிடம் யாருக்கும் மனம் இளகும். தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் வளரும் என்று ஒரு பொய்யும் கூடவே விற்பனையானது. தொட்டிக்கு ஏற்றபடி எந்த இகுவானாவும் தன்னைக் குறுக்கிக்கொள்வதில்லை. மூன்று, நான்கு ஆண்டுகளில் நான்கடியைத் தாண்டும். முழு வளர்ச்சியில் ஐந்தடிக்கு மேலும் போகும். பெரிய ஆண் ஏழு கிலோ வரை நிறுக்கும். ஆளுயரக் கூண்டு வேண்டும், உள்ளே ஏறிப் படுக்கக் கிளை வேண்டும், வெயிலுக்கு ஈடான புறஊதா விளக்கு வேண்டும். விளக்கில்லாத வீட்டில் அதன் உடம்பு சுண்ணாம்புச் சத்தை ஏற்காது. தாடை மெத்தென்று ஆகும், தொடை வீங்கும். அந்த வீக்கத்தைக் கொழுகொழுவென்று வளர்ந்திருப்பதாக எண்ணி மகிழ்ந்தவர்கள் உண்டு. நாய், பூனைத் தீனி போட்டவர்களால் சிறுநீரகம் கெட்டு மாண்டவையும் ஏராளம். பிழைத்து வளர்ந்த ஆண்கள் இணைசேரும் பருவத்தில் ஆரஞ்சு நிறமேறி, கை நீட்டியவரையே கடித்தன; வாலைச் சவுக்காக வீசின.

அப்போதுதான் கேள்வி எழுந்தது: யாரிடம் கொடுப்பது? நாய், பூனைக்கென அமைந்த காப்பகங்களில் அதற்கேற்ற இடமில்லை. விலங்குக்காட்சி சாலைகளும் இன்னொரு பச்சை இகுவானாவை விரும்பவில்லை. ஊர்வன ஆர்வலர் சங்கங்களும், தம் வீட்டு அறைகளையே காப்பகமாக்கிய சிலரும் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய அறைகளும் நிரம்பின. மற்றவர்களுக்குக் கால்வாய்க் கரைதான் எஞ்சியது. விட்டுவிட்டு வந்தவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர். காட்டு விலங்குக்கு விடுதலை கொடுத்ததாகவே பலர் நம்பினார்கள்.

அந்த விடுதலைக்குப் பிறகு நடந்ததைக் கரைகளே சொல்கின்றன. ஒரு பெண் இகுவானா ஓர் ஈட்டில் 14 முதல் 76 முட்டை வரை இடும். அதற்காகத் தோண்டும் சுரங்கங்கள் நடைபாதைகளையும் கடல்தடுப்புச் சுவர்களையும் உள்ளிருந்து அரிக்கின்றன. வெஸ்ட் பாம் பீச் நகரம் ஓர் அணையைச் சரிசெய்ய மட்டும் 18 லட்சம் டாலர் செலவழித்தது. குளிரோ இந்த உயிர்களுக்கே ஆகாது. 2010 ஜனவரிக் குளிரில் பெருமளவில் செத்தன. 2020 ஜனவரியில், விறைத்த இகுவானாக்கள் மரத்திலிருந்து விழக்கூடும் என்று மயாமி வானிலை அலுவலகம் மக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது.

ஒப்படைப்பதற்கு முறையான வழி பிறந்தது 2006இல்தான். புளோரிடா வனவிலங்கு ஆணையம் அயல் விலங்குகளுக்கான பொதுமன்னிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அனுமதியின்றி வைத்திருந்தாலும் தண்டனை கிடையாது. கொண்டுவந்து கொடுத்தால் போதும். ஒப்படைப்பு நாட்களில் கூண்டோடு வருவார்கள், தலையணை உறையில் போட்டுக் கட்டியும் வருவார்கள். கால்நடை மருத்துவர் உடம்பைப் பார்ப்பார். முன்பே விண்ணப்பித்துத் தகுதி பெற்றவர்கள் தத்தெடுக்கக் காத்திருப்பார்கள். நாற்பது ஆண்டுகள் முன்பே திறந்திருக்க வேண்டிய வாசல் அது.

2021 ஏப்ரலில் பச்சை இகுவானா, புளோரிடாவில் தடைசெய்யப்பட்ட இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஏற்கெனவே வளர்த்தவர்களுக்கு ஜூலை 28 வரை அவகாசம் தந்தார்கள்: கட்டணமில்லா அனுமதி, தோலுக்கடியில் அரிசியளவு அடையாளச் சில்லு. அனுமதி அந்த ஓர் உயிருக்கு மட்டுமே. அது போனால் அடுத்ததை வாங்க முடியாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இகுவானா 15, 20 ஆண்டு வாழும். 2020இல் குஞ்சாக வாங்கப்பட்ட ஒன்றுக்காக, ஏதோ ஒரு வீட்டில் 2040 வரைகூட அந்தப் புறஊதா விளக்கு தினமும் எரிய வேண்டியிருக்கும்.