மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள்: நாமகிரிப்பேட்டை வட்டாரப் பொதுமக்களுக்கான விளக்கம்

நுண்ணுயிர் எதிர்ப்பி (ஆன்டிபயாடிக்) என்பது பாக்டீரியாக்களைக் கொல்லும் அல்லது அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்தாகும். ஒரு மருந்துக்கு முன்னர்க் கட்டுப்பட்ட பாக்டீரியாக்கள் பின்னர் அதற்குக் கட்டுப்படாமற் போவது மருந்து எதிர்ப்புத்திறன் எனப்படுகிறது. நாமக்கல் மாவட்டம் நாட்டின் முதன்மையான முட்டை உற்பத்தி மையங்களுள் ஒன்று. நாமகிரிப்பேட்டை, இராசிபுரம் பகுதிகளில் மஞ்சள், மரவள்ளிச் சாகுபடியுடன் கோழி, கறவை மாடு வளர்ப்பும் நடைபெறுகிறது. மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும் ஒரே வகை நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பல பயன்படுவதால், இப்பொருள் குறித்து இப்பகுதி மக்களிடையே எழக்கூடிய ஐயங்களுக்கு இப்பக்கம் விளக்கமளிக்கிறது.

எதிர்ப்புத்திறன் எவ்வாறு உருவாகிறது?

பாக்டீரியாக்கள் மிக விரைவாகப் பெருகுபவை. குடலில் வாழும் ஈ.கோலி என்னும் பாக்டீரியா, ஏற்ற சூழலில் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். இவ்வாறு பெருகும்போது சிலவற்றின் மரபணுவில் மாற்றம் நிகழ்கிறது. அம்மாற்றம் மருந்தைச் சிதைக்கவோ, உட்புகுந்த மருந்தை வெளியேற்றவோ உதவுமாயின், மருந்து செலுத்தப்படும்போது மற்றவை மடிய, அவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. மேலும், எதிர்ப்புத்திறன் தரும் மரபணுவை ஒரு பாக்டீரியா வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கடத்தவல்லது. எனவே கோழியின் குடலில் தோன்றிய எதிர்ப்புத்திறன், மனிதருக்கு நோய் தரும் பாக்டீரியாவை அடைவதற்கும் வாய்ப்புண்டு.

தேவையற்ற முறையில் மருந்து பயன்படுத்தப்படும் ஒவ்வொரு முறையும் இந்நிகழ்வு தூண்டப்படுகிறது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு உரையிலேயே இவ்வாபத்தைக் குறித்து எச்சரித்தார்.

இதனால் விளையும் பாதிப்பு

2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியத் தொற்றுகளே நேரடிக் காரணமாக உலக அளவில் சுமார் 12.7 இலட்சம் பேர் உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. பச்சிளங் குழந்தைகள், முதியோர், நீரிழிவு நோயாளர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் ஆகியோர்க்கு ஆபத்து மிகுதி. மகப்பேற்று அறுவை உள்ளிட்ட அனைத்து அறுவைச் சிகிச்சைகளும், தொற்று ஏற்பட்டால் மருந்து கைகொடுக்கும் என்னும் நம்பிக்கையிலேயே மேற்கொள்ளப்படுகின்றன. அம்மருந்து பயனற்றுப் போனால், எளிய அறுவையும் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

கோலிஸ்டின்: பண்ணைக்கும் மருத்துவமனைக்கும் பொதுவான மருந்து

கோலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிப்பதால் 1970களில் மனித மருத்துவத்தில் அதன் பயன்பாடு பெரிதும் குறைந்தது. வேறு மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பரவியபின், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இறுதிக்கட்ட மருந்தாக அது மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. அதே காலத்தில் பல நாடுகளில் கோழி, பன்றி ஆகியவை விரைந்து எடை கூடுவதற்காகத் தீவனத்திலும் அது கலக்கப்பட்டு வந்தது.

கோலிஸ்டினுக்கு எதிர்ப்புத்திறன் தருவதும், ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தப்படக் கூடியதுமான எம்.சி.ஆர்-1 என்னும் மரபணு சீனாவில் கண்டறியப்பட்டது 2015ஆம் ஆண்டு வெளியானது. அது பன்றி, கோழி இறைச்சி மாதிரிகளிலும் நோயாளர்களிடத்தும் காணப்பட்டது. இதன் பின்னணியில், உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகள், கோழிகள், மீன்வளர்ப்பு, தீவனச் சேர்க்கை ஆகியவற்றுக்காகக் கோலிஸ்டினைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் வழங்குவதற்கும் மத்திய சுகாதார அமைச்சகம் 2019 ஜூலையில் தடை விதித்தது. நோயாளியின் உயிர் காக்கும் கடைசி மருந்து தீவனத்தில் வீணாகக் கூடாது என்பதே இத்தடையின் நோக்கம்.

பொதுமக்களின் ஐயங்களும் விடைகளும்

"அடிக்கடி மாத்திரை உண்டால் உடல் மருந்துக்குப் பழகிவிடுமா?"
பழகுவது உடலன்று, பாக்டீரியாக்களே எதிர்ப்புத்திறன் பெறுகின்றன. அவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவக் கூடியவை. ஆகவே, வாழ்நாளில் நுண்ணுயிர் எதிர்ப்பியை உண்ணாதவருக்கும் மருந்துக்குக் கட்டுப்படாத தொற்று ஏற்படலாம்.

"முட்டையும் கோழி இறைச்சியும் உண்ணலாமா? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?"
உண்ணலாம், கொடுக்கலாம். முட்டை மலிவான, தரமான புரத உணவு. எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்களும் சமையல் வெப்பத்தில் மடிவனவே. உணவின் உட்பகுதியும் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் சூடாக வேண்டும். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை முட்டையையும், உட்பகுதியில் இளஞ்சிவப்பு நிறம் மறையும்வரை இறைச்சியையும் வேகவைக்க வேண்டும். பச்சை முட்டை குடிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மருந்தின் எச்சம் என்பது வேறு. அது சமைப்பதால் முழுமையாக நீங்கும் எனக் கொள்ள இயலாது. அதனைப் பண்ணையிலேயே தடுத்தாக வேண்டும்.

"காய்ச்சல், சளிக்கு மருந்துக் கடையில் இரண்டு வேளைக்கு மாத்திரை வாங்கி உண்பது தவறா?"
சளி, இன்புளூயன்சா, டெங்கு, சிக்குன்குனியா ஆகியவை வைரசால் வருபவை. பெரும்பாலான தொண்டை வலியும் அவ்வாறே. நுண்ணுயிர் எதிர்ப்பி வைரசின்மீது செயல்படாது. இரண்டு நாளில் காய்ச்சல் தணிந்தால், அது பெரும்பாலும் தானாகத் தணிந்ததே. மாத்திரையால் தணிந்ததாக எண்ணுவதே இப்பழக்கம் தொடர்வதற்குக் காரணம். சாதாரண வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் (ஓ.ஆர்.எஸ்.), குழந்தைகளுக்கு மருத்துவப் பணியாளர் பரிந்துரைக்கும் துத்தநாக மாத்திரையுமே முதன்மைச் சிகிச்சை.

"நோய் குறைந்ததும் மருந்தை நிறுத்திவிடலாமா?"
மருத்துவர் குறிப்பிட்ட அளவிலும் நாட்களிலும் மருந்தை உட்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்தவோ நீட்டிக்கவோ கூடாது. காசநோய்க்கு இது மிக முக்கியம். சிகிச்சை இடையில் விடப்பட்டால், ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் ஆகிய முதன்மை மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாகலாம். அரசு மருத்துவமனைகளில் காசநோய் மருந்துகள் இலவசமாக வழங்கப்படுகின்றன.

"மஞ்சள் இருக்க மருந்து எதற்கு?"
மஞ்சள் விளையும் ஊரில் இக்கேள்வி இயல்பானதே. மஞ்சள் கலந்த பால் தொண்டைக்கு இதமளிக்கலாம். ஆனால், நிமோனியா, சிறுநீரகத் தொற்று, இரத்தத்தில் பரவிய தொற்று போன்றவற்றுக்கு அது மாற்று மருந்தாகாது. நுண்ணுயிர் எதிர்ப்பியைத் தேவையின்றி உண்பது எவ்வளவு தவறோ, தேவைப்படும்போது தவிர்ப்பதும் அவ்வளவு தவறு.

மருந்து வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மருந்து அட்டையின் பின்புறத்தில் செங்குத்தான சிவப்புக் கோடு இருப்பின், அது மருத்துவரின் சீட்டு இன்றி வாங்கக் கூடாத மருந்தாகும். முக்கியமான பல நுண்ணுயிர் எதிர்ப்பிகள் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையின்கீழ் உள்ளன. இவற்றை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து, மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மருத்துவரிடம் நுண்ணுயிர் எதிர்ப்பியைக் கேட்டு வற்புறுத்தலாகாது; எழுதப்பட்ட மருந்து எதற்காக என்பதைக் கேட்டறியலாம். மீதமுள்ள மாத்திரைகளை அடுத்த முறைக்கென வைத்திருப்பதும் பிறருக்குக் கொடுப்பதும் தவறு.

கோழி, கால்நடை வளர்ப்போர் கவனத்திற்கு

• நோயில்லாத கோழிகளுக்கு வளர்ச்சிக்காகவோ முன்னெச்சரிக்கையாகவோ நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுப்பதைத் தவிர்க்கவும். தடுப்பூசி, தூய குடிநீர், காற்றோட்டம், பண்ணைக்குள் பிறர் நுழைவதைக் கட்டுப்படுத்துதல் ஆகியவை நோயைத் தடுப்பவை.
• மருந்து கொடுத்தபின் முட்டை, பால், இறைச்சியை விற்பனைக்கு அனுப்பாமல் காத்திருக்க வேண்டிய காலம் மருந்தின் உறையில் குறிக்கப்பட்டிருக்கும். அம்மருந்துக்கெனக் காலம் வரையறுக்கப்படாதிருப்பின், விதிகளின்படி முட்டைக்கும் பாலுக்கும் குறைந்தது 7 நாட்கள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாட்கள் காத்திருக்க வேண்டும்.
• கோழி எருவை நன்கு மக்கச் செய்த பின்னரே வயலில் இட வேண்டும். கிணறு, ஓடை அருகில் குவிக்கக் கூடாது.
• கொட்டகைப் பணி முடிந்ததும் சோப்பு கொண்டு கைகழுவி, உடைமாற்றிய பின்னரே குழந்தைகளைத் தூக்க வேண்டும்.
• நோய் கண்டால் கால்நடை மருத்துவரையோ, நாமக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம். கால்நடை அவசர உதவி எண்: 1962.

வீட்டில் பின்பற்ற வேண்டியவை

தொற்று வராமல் தடுத்தால் மருந்துக்கே தேவை எழாது. உண்பதற்கு முன்பும், கழிப்பறை சென்று வந்த பின்பும், பச்சை இறைச்சியைத் தொட்ட பின்பும் சோப்பு கொண்டு 20 நொடிகளேனும் கைகழுவ வேண்டும். இறைச்சி நறுக்கிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் காய்கறிக்குப் பயன்படுத்தக் கூடாது. குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பருக வேண்டும். குழந்தைகளுக்கு நிமோகாக்கல், ரோட்டா வைரஸ் தடுப்பூசிகள் உட்பட அட்டவணைப்படியான அனைத்துத் தடுப்பூசிகளையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிப் பெறலாம்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல்
• மூச்சுத்திணறல், குழந்தைக்கு வேகமான மூச்சு அல்லது மூச்சுவிடும்போது மார்பு உள்வாங்குதல்
• பச்சிளங் குழந்தை பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிடுதல் அல்லது காய்ச்சல்
• மலத்தில் இரத்தம், சிறுநீர் வெகுவாகக் குறைதல்
• மயக்கம், குழப்பம், வலிப்பு
• புண் அல்லது அறுவைத் தழும்பைச் சுற்றிச் சிவப்பும் வீக்கமும் பரவுதல்

இவ்வறிகுறிகள் இருப்பின் வீட்டு வைத்தியத்திலோ கடை மருந்திலோ காலம் கடத்தலாகாது. மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள்; மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.