மூக்குத்தூளின் ஈரமும் வீரியமும்

பொடிமட்டையைப் பிரித்து ஒரு சிமிட்டா எடுக்குங்கால், "இது காய்ந்து காரம் ஏறிவிட்டது" என்றும், "இது பதமாயுள்ளது; சாதுவான பொடி" என்றும் கூறுதல் நம்முள் முதியோர் வழக்கம். காரங் குறைந்ததாயின் தீங்குங் குறைந்ததென்பது இதன் உட்கிடை. இக்கொள்கை பொருந்துமாவென்று சரித்திரங்கொண்டு ஆராய்வாம்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பூண்டு. 1560ஆம் ஆண்டில் போர்த்துகல் தேசத்திலிருந்த பிரெஞ்சுத் தூதர் ழான் நிக்கோ என்பார் அதனைத் தம் அரசவைக்கு அனுப்பினார். அவர் பெயரே பின்னர் 'நிக்கோடின்' என அதன் சத்துக்கு வழங்கலாயிற்று. 1828இல் ஜெர்மானிய அறிஞர் பொஸ்ஸெல்ட், ரைமன் இருவரும் அச்சத்தைப் பிரித்தெடுத்தனர்.

பிரெஞ்சுக்காரர் இலையை நனைத்து, இறுகச் சுருட்டி, கயிற்றாற் கட்டி நெடுநாள் புளிக்க வைத்தனர். காரட்டுக் கிழங்கின் வடிவொத்த அச்சுருளை வேண்டும்போதெல்லாம் துருவியிலே தேய்த்துப் பயன்படுத்தினர். இங்ஙனந் துருவிய பருந்தூளே 'ராப்பி' எனப்பட்டது. ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரப் பொடியோ மிக நுண்ணியது, உலர்ந்தது. 1702இல் வீகோ துறைமுகப் போரில் ஆங்கிலேயர் பெருந்தொகையான பொடியைக் கைப்பற்றி, மலிவாக விற்றனர். அதனால் இங்கிலாந்திற் பொடிப்பழக்கம் பெருகிற்று.

சீனத்தார் அந்நாட்டு ஈரக்காற்றிற் பொடி கட்டிப்படாதிருக்க, டப்பியை விடுத்து, மூடியிற் சிறுகரண்டி பொருத்திய குப்பிகளைக் கைக்கொண்டனர். நம் நாட்டாரோ, சுண்ணாம்பும் நெய்யுஞ் சேர்த்தரைத்த பொடியை வாழைமட்டையிற் பொதிந்து பதங் காத்தனர்.

இனி ஈரத்தின் தொழிலை நோக்குவாம். நுண்ணிய உலர்தூள் உறிஞ்சியவுடன் மூக்கின் உட்புறங் கடந்து தொண்டைவரை பறந்து, எரிச்சலும் இருமலும் விளைக்கும். ஈரமுள்ள பருந்தூள் நாசியின் முற்பகுதியிலேயே படிந்து நிற்கும். ஆதலின் மென்மையாகத் தோன்றும். இது காரத்தின் இயல்பு.

வீரியத்தின் இயல்பு வேறு. இலையிலுள்ள நிக்கோடினிற் பெரும்பகுதி அமிலங்களோடு கூடி உப்பாய் நிற்பது. சுண்ணாம்பு போன்ற காரப்பொருளும், புளித்தலாற் பிறக்கும் அமோனியாவும் அதனை விடுவிக்கும். இவ்வினை நடைபெற நீர் வேண்டும். விடுபட்ட நிக்கோடின் மூக்கின் மெல்லிய தோலை எளிதிற் கடந்து இரத்தத்திற் கலக்கும். எனவே, சுண்ணாம்பிட்ட பொடி பதமாயிருப்பின், நாசிக்கு இதமாய்த் தோன்றியே வீரியம் மிகுந்திருத்தல் கூடும். ஈரம் மிகையாயின் பொடி கட்டிப்பட்டுப் பூஞ்சணமும் பிடிக்கும். அறவே உலர்ந்ததாயின் மணங் குன்றும். எரிச்சல் மட்டும் மிகும். பொடிவணிகர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதம் நாடியது இதனாலாம்.

ஆகவே எரிச்சலைக் கொண்டு தீங்கை அளத்தல் பிழையென்பது பெறப்படும். லண்டன் மாநகரத்து ஜான் ஹில் என்னும் வைத்தியர், மிகையான பொடிப்பழக்கத்தின் கேட்டைக் குறித்து 1761ஆம் ஆண்டிலேயே நூல் எழுதி எச்சரித்தார். புகையில்லாப் புகையிலையும் மக்கட்குப் புற்றுநோய் விளைக்குமென்று, உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2007இல் வெளியிட்ட நூலில் உறுதிசெய்துளது.

முதியோரைப் பழித்தல் நம் கருத்தன்று. அவர்தம் காலத்தில் இவ்வுண்மை பரவவில்லை. ஆயின் "இது சாதுவான பொடி, தம்பி" என்று இளைஞர் கையில் ஒரு சிமிட்டா வைக்கும் வழக்கம் இனி நம் குடும்பங்களில் வேண்டா. மென்மையாய் நுழைவது எளிதில் நீங்குவதன்று என்பதை நம் சங்கத்து அன்பர்கள் உணர்வார்களாக.