ராணி விழுந்தாள், ஜாக்கி எங்கே?

சீட்டாட்டத்தைப் பற்றிய பதிவு என்றதும் "இவனுக்கு வேற வேலை இல்லையா" என்று கிளம்பிவிடாதீர்கள். இது ரம்மி இல்லை, பிரிட்ஜ். காசு கிடையாது, சண்டை மட்டும் உண்டு. அப்படி ஒரு சண்டையில் நான் தோற்றேன். தோற்ற பிறகு ஏன் தோற்றோம் என்று தேடப் போய் ஒரு பெரிய கதையே கிடைத்தது.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி, ஆளுக்கு 13 சீட்டு. ஏலம் எடுத்து ஆடுகிறவரின் பார்ட்னர் தன் சீட்டுகளை மேஜையில் விரித்து வைத்துவிடுவார், அவர்தான் டம்மி. ஆக 26 சீட்டு நமக்குத் தெரியும். மீதி 26-ம் எதிராளிகள் இருவரிடம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதுதான் தலைவலி.

அன்றைக்கு ஸ்பேடில் என் கையில் ஏஸ், 7, 6, 5, 4. டம்மியில் ராஜா, 10, 9, 8. வெளியே இருப்பது ராணி, ஜாக்கி, 3, 2. ஏஸை இறக்கினேன். இடது பக்கத்து ஆள் 2 போட்டார். வலது பக்கத்து ஆள் ராணியைப் போட்டார்! அடுத்து 4-ஐ இறக்கினேன், இடது பக்கத்திலிருந்து 3 வந்தது. இனி பாக்கி ஜாக்கி மட்டும். அது வலது பக்கம் இருந்தால் டம்மியின் ராஜாவைப் போட வேண்டும், ஜாக்கி விழுந்துவிடும். இடது பக்கம் இருந்தால் 10-ஐப் போட்டாலே போதும். எதைப் போட?

நமக்குத்தான் கணக்கு தெரியுமே. எமில் போரெல் என்ற பெரிய பிரெஞ்சுக் கணித மேதை, மூன்று முறை பிரான்ஸின் செஸ் சாம்பியனாக இருந்த ஆந்த்ரே ஷெரோனோடு சேர்ந்து, 1940-ல் பிரிட்ஜின் கணக்கியலைப் பற்றி ஒரு தடித்த புத்தகமே போட்டார். வெளியே நாலு சீட்டு இருந்தால் 3-1 ஆகப் பிரிய 49.7%, 2-2 ஆகப் பிரிய 40.7%. முதலாவதில் எட்டு வகை, இரண்டாவதில் ஆறு வகை. அதாவது வலது பக்கம் ராணி தனியாக இருக்க 6.2%, ராணியும் ஜாக்கியும் சேர்ந்து இருக்க 6.8%. பிறகென்ன யோசனை? ராஜாவைப் போட்டேன். ஜாக்கி இடது பக்கம் சிரித்துக்கொண்டிருந்தது.

"துரதிர்ஷ்டம் சார், பர்சன்டேஜ் என் பக்கம்தான் இருந்தது" என்றேன். பார்ட்னர் வயதில் மூத்தவர், அதிகம் பேசமாட்டார். "ராணி, ஜாக்கி ரெண்டும் அவர்கிட்ட இருந்திருந்தா, ராணியையேதான் போடணும்னு என்ன கட்டாயம்?" என்று மட்டும் கேட்டார். அப்போது எனக்குப் புரியவில்லை, கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்தேன்.

ஆயிரம் முறை இதே சீட்டு வந்தால், ராணி தனியாக இருப்பது சுமார் 62 முறை. அந்த 62-லும் ராணிதான் விழும், வேறு வழியில்லை. இரண்டும் சேர்ந்து இருப்பது 68 முறை. ஆனால் அதில் பாதி முறை ராணி விழும், பாதி முறை ஜாக்கி விழும். ஆக, ராணி விழுந்ததைப் பார்த்த பிறகு ஒப்பிட வேண்டியது 62-ஐயும் 34-ஐயும். கிட்டத்தட்ட ரெண்டுக்கு ஒன்று. நான் போட்டது தப்பான சீட்டு, துரதிர்ஷ்டம் எல்லாம் ஒன்றுமில்லை. (எப்போதும் ராணியையே போடுகிற ஆள் என்று தெரிந்தால் 68-க்கு 62, நான் ஆடியது சரி. ஆனால் அதே ஆள் ஜாக்கியைப் போட்டால் ராணி அவரிடம் இல்லவே இல்லை.)

இதை 1950-களில் முதலில் எழுத்தில் விளக்கியவர் ஆலன் ட்ரஸ்காட் என்ற இங்கிலாந்துக்காரர். 'ரெஸ்ட்ரிக்டட் சாய்ஸ்' என்று பெயர் வைத்து, 1958-ல் வந்த தன் புத்தகத்தில் எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் டெரன்ஸ் ரீஸ். கையில் வேறு சீட்டு இருந்திருந்தால் அதைப் போட்டிருக்கலாம். இதைப் போட்டதாலேயே அது இல்லை என்ற பக்கம் தராசு சாய்கிறது. 1990-ல் மேரிலின் வாஸ் சவாண்ட் 'பரேட்' பத்திரிகையில் மூன்று கதவு, ஒரு கார், ரெண்டு ஆடு புதிருக்குச் சரியான விடை சொன்னபோது பி.எச்டி. வாங்கியவர்களெல்லாம் திட்டிக் கடிதம் எழுதினார்களே, அதுவும் அடிப்படையில் இதே கணக்குதான். பிரிட்ஜ்காரர்களுக்கு அது முப்பது வருஷப் பழைய சமாச்சாரம்.

இனிமேல்தான் கதையே. 1965, புவனஸ் அயர்ஸ், உலகப் போட்டி. இங்கிலாந்துக்கு ஆடியவர்கள் ரீஸும் போரிஸ் ஷாபிரோவும். சீட்டைப் பிடிக்கும்போது அவர்கள் காட்டுகிற விரல்களின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருப்பதை அமெரிக்க அணியின் பி.ஜே. பெக்கர் கவனித்தார். அவர் சொல்லி, கூடவே உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்களில் ஒருவர், அப்போது நியூயார்க் டைம்ஸில் பிரிட்ஜ் பத்தி எழுதிக்கொண்டிருந்த அதே ட்ரஸ்காட்! குறிப்புகளைச் சீட்டுகளோடு ஒப்பிட்டபோது, விரல் எண்ணிக்கையும் கையிலிருந்த ஹார்ட்ஸ் (நம்ம ஊர் ஆட்டின்) எண்ணிக்கையும் ஒத்துப்போனதாகச் சொன்னார்கள். உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு குற்றவாளிகள் என்றது.

லண்டனில் சர் ஜான் ஃபாஸ்டர் தலைமையில் தனி விசாரணை நடந்து 1966-ல் அறிக்கை வந்தது. விரல் சாட்சியம் வலுவானதுதான். ஆனால் அவர்கள் கேட்ட ஏலத்தையும் போட்ட சீட்டையும் பார்த்தால், பார்ட்னரின் ஹார்ட்ஸ் தெரிந்தவர்கள் ஆடிய ஆட்டமாகத் தெரியவில்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்துவிட்டார்கள். கூட்டமைப்பு தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. ரீஸ் 1966-ல் தன் பக்கத்தைப் புத்தகமாக எழுதினார், ட்ரஸ்காட் 1969-ல் எதிர்ப்பக்கத்தை எழுதினார்.

எனக்கு ஃபாஸ்டரின் வழிதான் பிடித்திருக்கிறது. தெரிந்திருந்தால் வேறு எதைப் போட்டிருப்பார் என்று கேட்டாரே, அது ரீஸ் தன் புத்தகத்தில் சொல்லிக்கொடுத்த கேள்விதான். ஆனால் அத்தனை விரல்களும் தற்செயலா என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பார்ட்னரிடம் கேட்டேன். "ரீஸ் எழுதினதைப் படிங்க. அவர் விரலைப் பார்க்காதீங்க" என்றார் :-)